பையின் விலையும் பெண்ணின் மதிப்பும்

ஓசூர் என்றவுடன் ரோஜாத் தோட்டங்களையும், கிருஷ்ணகிரி என்றவுடன் மாந்தோப்புகளையும் மட்டுமே நினைத்த காலம் ஒன்று இருந்தது. இன்று அவற்றோடு ஆலைகளும் நம் நினைவில் எழுகின்றன. சிப்காட் தொழிற்பேட்டைகளை நோக்கி அதிகாலையில் விரையும் பேருந்துகளில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கின்றன. 2020-க்குப் பின் எழுந்த மின்னணு ஆலைகளின் வரவால், தொலைவிலுள்ள ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலத்து இளம்பெண்களின் மொழிகளும் அவற்றோடு சேர்ந்துள்ளன. தாய்மார் வயலிலும் தோட்டத்திலும் தினக்கூலி பெற்ற இம்மண்ணில், மகளிர் மாதச் சம்பளம் பெறுகின்றனர். இது நாம் மனமார வரவேற்க வேண்டிய மாற்றம்.

முதற் சம்பளம் கைக்கு வந்ததும், அதைத் தேடி ஓர் அழைப்பும் வந்து சேர்கிறது. “நீ இப்போது சம்பாதிப்பவள், உன் தோளில் தொங்கும் பை அதை உலகுக்குச் சொல்ல வேண்டாமா?” என்பதே அவ்வழைப்பு. கைப்பேசித் திரையிலும் நெடுஞ்சாலைப் பலகையிலும் பெங்களூரின் வணிக வளாகங்களிலும் அது ஓயாமல் ஒலிக்கிறது. ஒரு கைப்பையின் மீது இத்தனை ஏக்கம் எவ்வாறு பிறக்கிறது? அது பெண்ணின் உள்ளத்தில் தானே முளைப்பதா, அல்லது ஒருவர் விதைத்து வளர்ப்பதா? இதை நாம் குடும்பமாக அமர்ந்து சிந்திப்பது நலம்.

சுருக்குப் பையும் மஞ்சப்பையும்

பை நமக்குப் புதிதன்று. நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை யார் மறப்பர்? வெற்றிலை, பாக்கு, சில்லறைக் காசு, பேரப்பிள்ளைக்கு ஒரு மிட்டாய் ஆகியவை அதனுள் இருக்கும். அந்தப் பைக்கு வெளித்தோற்றத்தால் ஒரு மதிப்பும் இல்லை. எனினும், வீட்டில் வேறெதுவும் தன் பெயரில் இல்லாத ஒரு பெண்ணுக்கு, கணக்குக் கேட்பாரின்றித் தானே எடுத்துச் செலவிடும் காசு அதற்குள் இருந்தது. அதன் பெருமையெல்லாம் உள்ளிருந்ததில்தான்.

மஞ்சப்பையின் கதை வேறு. திருமண வீட்டில் தேங்காயும் வெற்றிலையும் இட்டு மரியாதையோடு கொடுக்கப்பட்ட துணிப்பை அது. நாகரிகம் என்ற பெயரால் நெகிழிப்பை வந்தபோது, மஞ்சப்பை தூக்கியவன் பட்டிக்காட்டான் என்று நகைக்கப்பட்டான். அதே பையைத் தமிழ்நாடு அரசு 2021 டிசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ என்ற இயக்கத்தின் வழியாகத் திரும்ப அழைத்தது. பை மாறவில்லை, அதைப் பார்த்த கண்தான் இருமுறை மாறியது. கேலியால் ஒரு பொருளைத் தாழ்த்த முடியும் என்றால், புகழ்ச்சியால் இன்னொரு பொருளை உயர்த்தவும் முடியும் அன்றோ? ஆடம்பர வணிகத்தின் அடிப்படை இதுவே.

ஓசூர் கற்ற பாடம்

இதனை அறிய நாம் பாரிசுக்குப் போக வேண்டியதில்லை. ஓசூரே நமக்கு ஒரு பாடசாலை. 1984-ஆம் ஆண்டில் டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் இணைந்து டைட்டன் கைக்கடிகார நிறுவனத்தைத் தோற்றுவித்து, ஆலையை ஓசூரில் அமைத்தன. சுற்றுவட்டாரங்களில் பள்ளிப்படிப்பை முடித்த இளைஞர்களும் இளம்பெண்களும் நுண்ணிய இப்பணிக்குப் பயிற்றுவிக்கப்பட்டனர். மைராடா என்ற தொண்டு நிறுவனத்தின் துணையோடு கிராமப் பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து, கடிகாரப் பட்டைகளைக் கோத்துத் தரும் பணியைத் தங்கள் சொந்த நிறுவனமாகவே நடத்திக் காட்டினர். பெண்ணின் மதிப்பை உழைப்பு உயர்த்தியதற்கு இது ஓர் உண்மைச் சான்று.

அதே வேளையில் விளம்பரமும் தன் பணியைச் செய்தது. அதுவரை கைக்கடிகாரம் என்பது பெரும்பாலும் திருமணத்துக்கு ஒன்று எனப் பல்லாண்டு உழைக்கும் கருவியாக இருந்தது. மோசார்ட்டின் இசை ஒலிக்க வந்த டைட்டன் விளம்பரங்கள் அதனை அணிகலனாகவும் அன்பளிப்பாகவும் மாற்றின. பெண்களுக்கென்றே ‘ராகா’ என்ற வரிசையும் வந்தது. சேலைக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று என நேரம் காட்டும் தேவை ஒன்றாக இருக்க, ஆசை பலவாயிற்று.

ஆயினும் நம் பெண்கள் விளம்பரத்தின் கைப்பொம்மைகள் அல்லர். இதே நிறுவனம் 1990-களின் நடுவில் ‘தனிஷ்க்’ என்ற பெயரில் நகைத் தொழிலில் இறங்கியபோது, மேலைநாட்டுப் பாணியிலான 18 காரட் நகைகளையே முதலில் முன்வைத்தது. பெண்கள் அவற்றைப் பெரிதும் ஏற்கவில்லை. நகை என்பது அழகு மட்டுமன்று, ஆபத்துக்கு உதவும் சேமிப்பு என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். நிறுவனமே வழிமாறி 22 காரட் நகைகளுக்கு வந்தது. தங்கத்தின் தூய்மையை உரசாமலும் உருக்காமலும் எக்ஸ்-கதிரால் காட்டும் ‘காரட்மீட்டர்’ என்ற கருவியையும் கடைகளில் வைத்தது. 22 காரட் என நம்பி வேறிடங்களில் வாங்கிய நகைகள் பல அந்த அளவுக்குக் குறைந்தவை என்று வாடிக்கையாளர் கண்ணெதிரே கண்டனர். நம்பிக்கை பிறந்தது, வணிகமும் வளர்ந்தது. பின்னர் 2021 ஜூன் 16 முதல் நடுவண் அரசே தங்க நகைக்கு ஹால்மார்க் முத்திரையைப் படிப்படியாகக் கட்டாயமாக்கத் தொடங்கியது.

பொருளை அறிந்த பெண்ணிடம் வணிகம் பணிந்து வரும் என்பதே இதில் நாம் காணும் பாடம். 2022-இல் இந்நிறுவனம் ‘இர்த்’ என்ற பெயரில் பெண்களுக்கான கைப்பைகளையும் விற்கத் தொடங்கியது. கடிகாரமும் நகையும் கடந்து, அழைப்பு இப்போது பையை அடைந்திருக்கிறது. தங்கத்துக்கு உரைகல் உண்டு. கைப்பைக்கு உரைகல் எங்கே?

ஏக்கம் நெய்யப்படும் முறை

இவ்வணிகத்தின் உச்சியில் இருப்பவை ஐரோப்பிய ஆடம்பர நிறுவனங்கள். அவற்றின் முறைகளை அறிந்தால், கீழ்நிலைகளில் நடப்பதும் விளங்கும்.

முதல் முறை, கிடைக்காமை. 1984-ஆம் ஆண்டிலேயே பாரிசிலும் ஒரு பை பிறந்தது. நடிகையும் பாடகியுமான ஜேன் பிர்கின், விமானத்தில் தம் கூடையிலிருந்த பொருள்கள் சிதறியபோது, குழந்தையுள்ள ஒரு தாய்க்கு ஏற்ற பெரிய பை கிடைப்பதில்லையே என்று அருகிருந்தவரிடம் குறைப்பட்டார். அருகிருந்தவர் ஹெர்மெஸ் நிறுவனத்தின் தலைவர். அவ்வாறு பிறந்ததே ‘பிர்கின்’ பை. தாய்க்கென உருவான அப்பை, விரும்பியவர் கடைக்குச் சென்றவுடன் வாங்க இயலாத அரும்பொருளாக ஆக்கப்பட்டது. காத்திருப்பே அதன் கவர்ச்சியாயிற்று. பிர்கின் பயன்படுத்திய முதற் பை 2025 ஜூலையில் பாரிசில் 86 லட்சம் யூரோவுக்கு, அதாவது ஏறத்தாழ 86 கோடி ரூபாய்க்கு ஏலம் போயிற்று.

இரண்டாம் முறை, புகழ் பெற்றவரின் நிழல். 1995-இல் இளவரசி டயானாவுக்குப் பிரான்சு அதிபரின் துணைவியார் பரிசளித்த டியோர் பைக்கு, பின்னர் அவரை நினைவூட்டும் வகையில் ‘லேடி டியோர்’ என்றே பெயரிட்டனர். வாங்குபவள் பையோடு இளவரசியின் சாயலையும் வாங்குவதாக எண்ணுகிறாள்.

மூன்றாம் முறை, எழுத்து முத்திரை. லூயி விட்டோன் நிறுவனம் 1896-இல் தன் எழுத்துகளைத் துணியில் பொறித்தது, போலிகளைத் தடுப்பதற்காக. இன்றோ அம்முத்திரையே மக்கள் விரும்பும் பொருளாகி, உலகெங்கும் போலி செய்யப்படுகிறது.

நான்காம் முறை, விலையை இறக்காமை. விற்காத பொருளைக் குறைந்த விலைக்குக் கொடுத்தால் பெயர் மலிந்துவிடும் என்று அஞ்சி, பிரிட்டனின் பர்பெரி நிறுவனம் 2 கோடியே 86 லட்சம் பவுண்டு மதிப்புள்ள பொருள்களை ஒரே ஆண்டில் அழித்தது. 2018-இல் அச்செய்தி வெளிவந்து கண்டனம் எழுந்த பின்னரே அவ்வழக்கத்தைக் கைவிட்டது.

நம் ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், அத்திப்பள்ளி கடந்து பெங்களூரின் விட்டல் மல்லையா சாலையில், 2008-இல் திறக்கப்பட்ட யூ.பி. சிட்டி வளாகம் இருக்கிறது. அத்தகைய வளாகங்களின் கண்ணாடிக் கதவும், வாசற் காவலரும், ஒளி வெள்ளத்தில் தனித்து நிற்கும் ஒற்றைப் பையும் ஒரு சொல்லும் பேசாமலே நம்மை அளவிடுகின்றன. “இது உனக்கானது அன்று” என்ற குறிப்பிலிருந்தே, “என்றாவது எனக்கும் வேண்டும்” என்ற ஏக்கம் பிறக்கிறது. முதலில் சிறுமை, அடுத்து அதற்கு மருந்து. இரண்டையும் தருபவர் ஒருவரே.

விலைக்குள் இருப்பது என்ன?

2024 ஜூனில் இத்தாலியின் மிலான் நீதிமன்றம், டியோர் நிறுவனத்தின் ஓர் உற்பத்திப் பிரிவை நீதிமன்ற மேற்பார்வையில் வைத்தது. நிறுவனத்தின் மீது குற்றவழக்குத் தொடரப்படவில்லை. ஒப்பந்தப் பட்டறைகளில் தொழிலாளர் வருத்தப்படுவதைத் தடுக்கத் தவறியது என்பதே குறை. 2025 பிப்ரவரியில் அம்மேற்பார்வை நீக்கப்பட்டது. ஆயினும் அவ்வழக்கில் வெளிப்பட்ட கணக்கு நம் சிந்தனைக்கு உரியது. ஒரு பையைத் தைத்துத் தந்த பட்டறைக்குக் கொடுக்கப்பட்டது, தோல் முதலிய மூலப்பொருள் நீங்கலாக, 53 யூரோ. கடையில் அதன் விலை 2,600 யூரோ. நம் நாணயத்தில் சொன்னால், ஏறத்தாழ 4,800 ரூபாய்க் கூலியில் உருவான பை சுமார் 2 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய்க்கு விற்கப்பட்டது. தோல், கடை வாடகை, வரி என நியாயமான செலவுகள் பல உண்டு. அவை போக எஞ்சுவதில் பெரும்பங்கு, பெயருக்கு நாம் செலுத்தும் காணிக்கை.

நல்ல பை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. புதுச்சேரியில் 1978-இல் சிறு பட்டறையாகத் தொடங்கிய ‘ஹைடிசைன்’ தோற்பைகளால் உலகச் சந்தையை அடைந்தது. தேர்ந்த கைத்திறனுக்கு உரிய விலை கொடுப்பது தொழிலாளியை மதிப்பதாகும். கைத்திறனுக்குக் கொடுக்கும் விலை வேறு, பிறர் கண்ணுக்கு அஞ்சிக் கொடுக்கும் விலை வேறு என்பதை மட்டுமே நாம் உணர வேண்டும்.

நமக்கொரு உரைகல்

அங்காடியில் நிற்கும் மகளிர் தம்முள் எழுப்பத்தக்க கேள்விகள் சில உண்டு. இப்பையின் தையலும் பல்லிணைப்பும் உட்துணியும் உறுதியானவையா? பழுதானால் நம்மூரில் தைத்துத் தருவார் உண்டா? இதன் விலை என் எத்தனை நாள் உழைப்பு? முத்திரையை மறைத்துவிட்டால் இதே விலைக்கு இதனை விரும்புவேனா? தவணையில் வாங்கினால், கடைசித் தவணை கட்டும் நாளிலும் இது எனக்கு மகிழ்ச்சி தருமா? நகைக் கடையில் காரட்மீட்டர் செய்த பணியை இங்கே இக்கேள்விகள் செய்யும்.

கைப்பேசியில் ஒரு விரல் தொடுதலில் கிடைக்கும் கடனைக் குறித்து நாம் சிறப்பாக எச்சரிக்க விரும்புகிறோம். விடுதி அறையில் தனித்திருக்கும் பெண்ணுக்கு, ஊருக்கு அனுப்ப வேண்டிய பணமும் தவணையும் ஒரே நாளில் எதிர் நிற்கும்போது உண்டாகும் துயரை எந்த விளம்பரமும் காட்டுவதில்லை. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நம் முன்னோர் சொன்னது கஞ்சத்தனமன்று, காவல்.

பெற்றோருக்கும் ஒரு சொல். மகள் தன் உழைப்பில் ஒரு பை வாங்கிவிட்டாள் என்று அவளைக் கடிந்துகொள்ளும் வீட்டிலேயே, மகன் கடனில் வாங்கிய மோட்டார் சைக்கிள் வாசலில் பெருமையோடு நிற்பதைக் காண்கிறோம். ஆசை ஆண்களுக்கும் உண்டு. அவர்களுக்கும் தனி விளம்பரங்கள் உண்டு. ஆகவே பெண்ணை மட்டும் குற்றவாளியாக்குவது அறமாகாது. மேலும், வீட்டில் தனக்கென ஒரு மதிப்பும், வரவு செலவில் ஒரு குரலும் பெற்ற பெண்ணுக்கு அம்மதிப்பைக் கடையில் தேட வேண்டிய அவசியம் குறைகிறது. அவள் சம்பளத்தை வாங்கிக்கொண்டு அவள் சொல்லை மட்டும் கேளாத குடும்பம், தானே அவளை விளம்பரத்தின் கையில் ஒப்படைக்கிறது.

தீபாவளியும் கிறிஸ்துமசும் பொங்கலும் நெருங்குகையில் விளம்பரங்கள் பெருகும். அப்போது மகளோடு அமர்ந்து, அவளுடைய பெயரில் அஞ்சலகத்திலோ வங்கியிலோ ஒரு சேமிப்புக் கணக்கைத் தொடங்குவோம். அதன் புத்தகத்தை அவளிடமே கொடுப்போம். பிறகு அவள் விரும்பிய பையை, தன் வருவாய்க்கு ஏற்றவாறு, தானே தேர்ந்து வாங்கட்டும். சுருக்குப் பைக்குள் தனக்கென்று நாலு காசு வைத்திருந்த பாட்டியின் நிமிர்வு, பேத்தியிடமும் நிலைக்கட்டும்.