சிந்தனைக்கு அப்பால்

சிந்தனைக்கு எட்டாத அனுபவ நிலை உண்டா என்ற கேள்விக்கு, உண்டு என்றே தமிழகச் சமய மரபு விடை சொல்கிறது. மாங்காடு காமாட்சி அம்மன் கோயில் தலபுராணத்தில், சிவனை அடைய அம்மன் தீயின் நடுவே ஒற்றைக்காலில் தவம் செய்கிறாள். அங்கே வாதத்துக்கு இடமில்லை.

சைவ சித்தாந்தம் சிந்தனைக்கு எட்டாத இந்நிலையைத் தத்துவமாக வகுத்தது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய சிவஞானபோதத்தை முதல்நூலாகக் கொண்ட அம்மரபு, அறிவை மூன்றாகப் பிரிக்கிறது. புலன், மனம், புத்தி, சொல் ஆகியவற்றால் பெறுவது பாச ஞானம். உயிர் தன்னை உணர்வது பசு ஞானம். இறையருளால் கிட்டுவது பதி ஞானம். முதல் இரண்டாலும் இறைவனை அறிய இயலாது என்பது அதன் முடிவு.

தத்துவமாக அன்றி நேரடி அனுபவமாகவும் இது பேசப்பட்டது. 1896இல் மதுரையில், 16 வயது வேங்கடராமனைத் திடீரென மரண பயம் பற்றியது. இறப்பது எது என்று உள்நோக்கியபோது, உடலோடு அழியாத ஒன்றாகத் தம்மை உணர்ந்ததாக, பின்னாளில் ரமண மகரிஷியான அவர் கூறினார்.

இத்தகைய அனுபவங்களுக்கு அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1902இல் நான்கு அடையாளங்கள் தந்தார்: சொல்லில் அடங்காமை, உண்மையை அறிந்த உணர்வு, நீடிக்காமை, தன்வசம் இழத்தல். ஆனால் எந்த அனுபவமும் மொழி, மரபு, பயிற்சி வழியாகவே உருப்பெறுகிறது என்று சமய ஆய்வறிஞர் ஸ்டீவன் காட்ஸ் 1978இல் வாதிட்டார். அனுபவம் நிகழ்வதை இரு தரப்பும் ஏற்கின்றன. அது சிந்தனையின் சாயல் படியாததா என்பதே விவாதம்.