ஒளிக்கற்றையின் காவலாளி

இரமணாசிரமத்தைத் தாண்டிச் சற்றுத் தொலைவில் எங்கள் கிணறு இருக்கிறது. நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது ஒருநாள் மோட்டாரின் ஸ்டார்ட்டர் ‘டப்’பென்று விழுந்தது. சற்று நேரம் கழித்து ரிலேயின் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு மறுபடியும் போட்டேன். மோட்டார் உறுமியதே தவிர தண்ணீர் வரவில்லை, மீண்டும் விழுந்தது. ஐந்தாறு முறை இப்படிச் செய்தபின் புகை வந்தது. மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை இல்லை என்பதை நான் பார்க்கவே இல்லை. காயில் கட்ட ஆன செலவைப் பற்றி அப்பா இன்றும் பேசுவார்.

சின்குரோட்ரான் பற்றிப் படிக்கத் தொடங்கியதும் அந்தச் சிவப்புப் பொத்தான்தான் நினைவுக்கு வந்தது.

மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் 1984-இல் அடிக்கல் நாட்டப்பட்ட ஆய்வு மையம் ஒன்று உண்டு. 2005-இல் அதற்கு அணு அறிவியலாளர் ராஜா ராமண்ணாவின் பெயர் சூட்டப்பட்டது. அங்குள்ள இண்டஸ்-2 என்னும் வளையத்தின் சுற்றளவு ஏறத்தாழ 172 மீட்டர். ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும் எலக்ட்ரான்கள் அதை நொடிக்கு 17 இலட்சம் தடவைக்கு மேல் வலம் வருகின்றன. (நாம் 14 கிலோமீட்டர் கிரிவலத்துக்கு நான்கு மணி நேரம் எடுத்துக்கொள்கிறோம்!) காந்தங்கள் அவற்றை வளைக்கும் இடங்களில் எக்ஸ் கதிர்கள் தொடுகோட்டுத் திசையில் வெளிப்படுகின்றன. கிரிவலப் பாதையிலிருந்து தெருக்கள் பிரிவது போல, வளையத்திலிருந்து குழாய்கள் பிரிந்து அக்கதிர்களை ஆய்வுக்கூடங்களுக்குக் கொண்டு செல்கின்றன. இவையே ஒளிக்கற்றைத் தடங்கள்.

வளையத்துள் காற்று மூலக்கூறு இருந்தால் எலக்ட்ரான் அதில் மோதிச் சிதறிப்போகும். ஆகவே உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஏறத்தாழ இலட்சம் கோடியில் ஒரு பங்கே. இவ்வளவு தூய வெற்றிடத்தை அடைய பம்புகள் மட்டும் போதா. குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் நீராவியை விரட்டுவதற்காகக் குழாயையே 150 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றி, நாள்கணக்கில் வைத்திருக்க வேண்டும். ஒரு தடத்தில் ஏற்படும் ஓட்டை வளையம் வரை எட்டிவிட்டால், அதனோடு தொடர்பே இல்லாத மற்றத் தடங்களின் ஆய்வாளர்களும் பல நாட்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

இதைத் தடுப்பதே கருவிப் பாதுகாப்பு அமைப்பின் வேலை. குழாயைப் பல பகுதிகளாகப் பிரித்து, இடையிடையே வால்வுகளை வைத்திருப்பார்கள். ஒவ்வொரு பகுதியிலும் வெற்றிடமானி உண்டு. அழுத்தம் குறித்த எல்லையைத் தாண்டினால் வால்வு தானாக மூடிக்கொள்ளும். பெரிய உடைப்பு ஏற்பட்டால் சாதாரண வால்வின் வேகம் போதாது. உட்பாயும் காற்று நொடிக்கு 500 மீட்டர் ஓடுவதாகக் கொண்டாலும், நொடியின் நூறில் ஒரு பங்கில் 5 மீட்டர் கடந்துவிடும். அதற்குள் மூடும் அதிவேக அடைப்பான் ஒன்று வளையத்தின் பக்கம் காத்திருக்கும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. வால்வின் தகட்டுக்கு நீர்க் குளிர்ச்சி கிடையாது. எக்ஸ் கதிர் நேராக விழுந்தால் அது கெட்டுப்போகும். ஆகவே மூடும்போது நீரால் குளிர்விக்கப்படும் செம்புத் தடுப்பு முதலில் இறங்கிக் கதிரை ஏற்றுக்கொள்ளும். அதன் பின்னரே வால்வு மூடும். அதிவேக அடைப்பானுக்கோ காத்திருக்க நேரமில்லை. ஆதலால் அது இயங்கும்போது வளையத்து எலக்ட்ரான்களையே அழித்துவிடும்படி ஆணை போகும். ஒரு தடத்தின் தவறுக்கு வளையமே அணைகிறது!

மூடுவது நொடிப்பொழுதில் முடிந்துவிடும். திறப்பதில்தான் மனிதனுக்கு வேலை.

அழுத்தம் பழைய நிலைக்கு வந்தாலும் வால்வு தானாகத் திறக்காது. பிழை நிகழ்ந்ததை அமைப்பு நினைவில் பூட்டி வைத்திருக்கும். ஒருவர் வந்து அதை மீட்டமைக்க வேண்டும். தானாகத் திறந்தால் என்ன என்று கேட்கலாம். சிறு ஓட்டை உள்ள பகுதியை பம்பு சற்று நேரம் சமாளித்து அழுத்தத்தைக் குறைக்கும், வால்வு திறக்கும், மீண்டும் அழுத்தம் ஏறும், மீண்டும் மூடும். ஒவ்வொரு திறப்பிலும் கொஞ்சம் காற்று அடுத்த பகுதிக்குக் கடத்தப்படும். இதே காரணத்தால்தான் மூடுவதற்கு ஓர் எல்லையும், திறப்பதற்கு அதனினும் குறைந்த வேறோர் எல்லையும் வைக்கிறார்கள்.

எனவே முதலில் காரணத்தைத் தேட வேண்டும். பிழைகள் பலவாகக் காட்டப்பட்டாலும் முதலில் விழுந்தது எது என்பதே முக்கியம். மற்றவை பெரும்பாலும் அதன் தொடர்ச்சி. உண்மையில் ஓட்டையே இல்லாமலும் இருக்கலாம். மானியின் கம்பி கழன்றிருந்தால்கூட ‘வெற்றிடம் கெட்டது’ என்றே அமைப்பு முடிவு செய்யும். அப்படி ஐயப்படுமாறு அமைப்பதே சரி. ஒரே பகுதியில் ஒரு மானி மட்டும் கத்தி, அருகிலுள்ள அயனி பம்பின் மின்னோட்டம் மாறாமல் இருந்தால் மானியைத்தான் சந்தேகிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஏறினால் ஓட்டை மெய்.

காரணம் தெரிந்து சரிசெய்த பிறகு, வால்வின் இரு பக்கத்து அழுத்தமும் நல்ல நிலையில் உள்ளதா, குளிர்நீர் ஓடுகிறதா, வால்வை இயக்கும் அழுத்தக் காற்று வருகிறதா என்று பார்த்துவிட்டு மீட்டமைக்கலாம். மூடியதற்கு நேர்மாறான வரிசையில், வால்வு முதலிலும் செம்புத் தடுப்பு கடைசியிலும் திறக்கும். வரிசை மாறினால் மூடிய வால்வின்மேல் கதிர் விழும். கட்டுப்பாட்டு அறையின் இசைவு இல்லாமல் அந்தத் தடுப்பை எடுக்க முடியாது.

மானி ஒன்று அடிக்கடி தொல்லை கொடுத்தால், அதை இணைப்பிலிருந்து விலக்கிவிட்டு வேலையைத் தொடரலாமே என்ற ஆசை யாருக்கும் வரும். அதுவும் ஆய்வுக்கு ஒதுக்கிய நேரம் கரைந்துகொண்டிருக்கும்போது. எங்கள் ஊர்ப் பக்கம் ஸ்டார்ட்டரில் குச்சி செருகி வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே அத்தகைய விலக்கலுக்குத் தனி அனுமதியும், எழுத்தில் பதிவும் கேட்பது நியாயமே.

திறந்தபின் நேரம், முதலில் விழுந்த மானி, கண்ட காரணம், மீட்டமைத்தவர் பெயர் ஆகியவை பதிவேட்டில் ஏறும். அதே மானி இன்னொரு நள்ளிரவில் கத்தினால், பணியிலிருப்பவர் பொத்தானைத் தொடுமுன் புரட்ட வேண்டியது அந்தப் பக்கத்தைத்தான்.