மெல்லிய துணியும் விளக்கு வெளிச்சமும்



வைகாசி பிறந்தால் நமது தீவுப்பகுதியில் சோளகம் வீசத் தொடங்கிவிடும். யன்னலை மூடினால் புழுக்கம். திறந்தால் தெருவிலே போவோர் வருவோரின் பார்வை. ஆகவேதான் வேலணையிலும் நயினாதீவிலும் வீடுகளில் வொயில், நெட் போன்ற மெல்லிய துணிகள் திரைச்சீலையாகத் தொங்குகின்றன. உடுப்புக்கும் ஜோர்ஜெட், ஷிபோன் என்று அதே இனத்துத் துணிகளையே பெண்கள் விரும்புகிறார்கள். இவை கூடுமா, கூடாதா என்று பலரும் கேட்கிறார்கள்.

மெல்லிய துணி என்பதனாலேயே அது ஹராமாகிவிடாது. டாக்காவின் மஸ்லினை உலகறியச் செய்தவர்களில் முஸ்லிம் நெசவாளர் பலர். முகலாயர் காலத்தில் அதன் ஒரு வகைக்கு ‘ஆபே ரவான்’, அதாவது ஓடும் நீர் என்றும், இன்னொன்றுக்கு ‘ஷப்னம்’, பனித்துளி என்றும் பெயரிட்டிருந்தார்கள். வொயில் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குப் பொருளே முக்காடுதான்! பெயர் முக்காடு, ஆனால் தனியே போட்டால் மறைக்காது.

நபி (ஸல்) அவர்களிடம் எகிப்து நாட்டுத் துணிகள் வந்தன. ‘கிப்தி’ எனப்படும் அவை வெண்மையான மெல்லிய துணிகள். அவற்றில் ஒன்றை திஹ்யா (ரழி) அவர்களுக்குக் கொடுத்து, பாதியைத் தாம் சட்டையாக்கிக்கொண்டு, மறுபாதியை மனைவிக்கு முக்காடாகக் கொடுக்கும்படி சொன்னார்கள். அவர் திரும்பிப் போகும்போது, உடல் தெரியாதிருக்க அதன் கீழே இன்னொரு துணி போடும்படி மனைவியிடம் சொல்லுமாறும் கூறினார்கள். இது அபூதாவூதில் வருகிறது. துணியை வீசிவிடச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். உள்ளே ஒரு துணி, அவ்வளவுதான்.

தொழுகையில் இது இன்னும் முக்கியம். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் தோலின் நிறம் தெரியாதபடி மறைக்க வேண்டும். முடி தெரியும் ஜோர்ஜெட் முக்காட்டை மட்டும் போட்டுத் தொழுதால் தொழுகை கூடாது. கலியாண வீட்டில் அவசரமாக அஸர் தொழும் சகோதரிகள் இதைப் பெரும்பாலும் யோசிப்பதில்லை.

கடையில் துணி பார்க்கும்போது டியூப் வெளிச்சத்தை நம்பாதீர்கள். வாசலுக்குக் கொண்டுவந்து, துணிக்குப் பின்னே கையை விரித்து, வெயிலில் பிடியுங்கள். விரல்களை எண்ண முடிந்தால் லைனிங் அவசியம். வெள்ளைத் துணிக்கு வெள்ளை லைனிங்கைவிட உடல் நிறத்துக்கு நெருங்கிய லைனிங்தான் வெளியே குறைவாகத் தெரியும். நமது வெக்கைக்குப் பருத்தி லைனிங் நல்லது. ஆனால் தைக்குமுன் நனைத்துக் காயவையுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே அது சுருங்கி, மேல்துணி சுருக்கம் சுருக்கமாக நிற்கும்.

திரைச்சீலையின் கதை வேறு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து நாம் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. புத்தளத்தில் கிடுகுக் கொட்டில். கதவு இல்லை, உம்மாவின் வொயில் சேலைதான் கதவு. பகலில் வெளியே நின்று பார்த்தால் உள்ளே ஒன்றும் தெரியாது. ஒருநாள் மஃரிபுக்குப் பிறகு பக்கத்துக் கொட்டில் மாமி வந்து, “தங்கச்சி, நீங்கள் சாப்பிடுவது, படுப்பது எல்லாம் பாதையிலே நின்றால் தெரிகிறது” என்று மெல்லச் சொன்னார். உம்மா அன்றிரவு தூங்கவில்லை. மறுநாளிலிருந்து குப்பிவிளக்கைக் கொளுத்துமுன் படுக்கை விரிப்பை எடுத்து உட்பக்கம் தொங்கவிடுவார். விரிப்பு கதவாகிவிட்டதால் நாங்கள் வெறும் பாயில் படுத்தோம்.

காரணம் எளிது. மெல்லிய துணியினூடாக வெளிச்சம் குறைந்த பக்கத்தில் இருப்பவருக்கே மறுபக்கம் தெரியும். பகலில் வெளியே வெளிச்சம். நாம் அவர்களைப் பார்க்கலாம். இரவில் விளக்கு நம் பக்கம். அவர்கள் நம்மைப் பார்க்கலாம். மின்சாரம் வந்த பிறகு குப்பிவிளக்கைவிட இது பல மடங்கு.

ஆகவே யன்னலுக்கு இரண்டு கம்பி போடுங்கள். ஒன்றில் மெல்லியது, மற்றதில் தடித்தது. தடித்ததைப் பகலில் ஒதுக்கிவிட்டு, விளக்குப் போடுமுன் இழுத்துவிட்டால் போதும். துணியின் அகலம் யன்னலைப்போல் இரண்டு மடங்கு இருக்கட்டும். இறுக்கி விரித்தால் மெல்லிய துணி பகலிலும் சரியாக மறைக்காது. நைலோன் துணி வெயிலில் நைந்துபோகும். தீப்பட்டால் உருகி உடலில் ஒட்டும். குசினி யன்னலுக்கு அது வேண்டவே வேண்டாம். தடித்த துணிக்குப் புதிதாகக் காசு செலவழிக்கத் தேவையில்லை. பழைய கைத்தறிச் சேலையை இரண்டாக மடித்து, மேல் விளிம்பில் கம்பி நுழையத் தைத்தால் ஒரு யன்னலுக்குக் காணும்.