கதைப்பலகையும் சிலேடையும்

ஒரு கலைஞரின் படைப்பைத் தழுவிப் பிறிதொரு கலையில் ஒன்று செய்யப் புகுவார்க்கு முதற்கண் எழும் வினா, எதனைக் கொள்வது, எதனை விடுவது என்பதே. வழிநூலைத் தொல்காப்பியர் நால்வகைப்படுத்திய காலந்தொட்டு இவ்வினா தமிழுலகிற்குப் புதியதன்று. ஓவியத்தினின்று அசைபடம் ஆக்குமிடத்து அது எவ்வாறு எழுகின்றது என்பதை, சால்வடார் டாலியின் ஓவியநெறியில் அமைந்த ‘டெஸ்டினோ’ என்னும் குறும்படத்தைக் கொண்டு ஈண்டுக் காண்போம். ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்கு ஊழ் என்பது பொருள்.

திரைத்துறையினர் ஸ்டோரிபோர்டு என்று வழங்குவதை நாம் கதைப்பலகை என்போம். காட்சிதோறும் ஒரு சிறு படமாக வரைந்து, அப்படங்களைப் பலகையில் வரிசையாகக் குத்தி வைப்பர். வேண்டியபோது எடுத்து இடம் மாற்றுவர். 1930களின் தொடக்கத்தில் டிஸ்னி படநிலையத்தில் இம்முறை உருப்பெற்றது.

1945ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 1946இலுமாக ஏறத்தாழ எட்டுத் திங்கள் டாலியும், அந்நிலைய ஓவியர் ஜான் ஹென்சும் கூடியிருந்து ‘டெஸ்டினோ’வின் பலகைகளை வரைந்தனர். மெக்சிகோ நாட்டினரான அர்மாண்டோ டொமிங்கெஸ் இயற்றிய பாடலே படத்திற்கு அடிப்படை. காலத்தின் உருவாகிய குரோனோசும், மானிடப் பெண் ஒருத்தியும் கொண்ட காதலே கதை. போருக்குப் பின் நேர்ந்த பண நெருக்கடியால் பணி நின்றது. எஞ்சியது ஹென்ச் ஆக்கிய ஏறத்தாழ 17 நொடி மாதிரிப் படமும் வரைபடங்களுமே. 1999இல் ராய் டிஸ்னி அவற்றை மீண்டும் கையிலெடுத்தார். டொமினிக் மொன்ஃபெரியின் இயக்கத்தில், டிஸ்னியின் பாரிசு நிலையத்தில் ஏறத்தாழ இருபத்தைவர் உழைத்துப் படத்தை முடித்தனர். 2003இல் அது வெளிவந்தது. டாலி உடனிருந்து வரைந்தமையின் இது தழுவலாகாது என்பார் உளராயின், முடித்தவர் 57 ஆண்டு கழித்து வந்த பிறர் என்பதையும், டாலி 1989இலேயே மறைந்தார் என்பதையும் அவர் கருதுதல் வேண்டும். அப்பிறர்க்கு முதியவராகிய ஹென்ச் உரையாசிரியர் போல் நின்று பலகைகளின் கருத்தை விளக்கினார்.

உரையாசிரியர் வேண்டப்பட்டது ஏன்? டாலியின் ஓவியத்தில் ஓருருவே ஈருருவாய்த் தோன்றும். 1940இல் அவர் தீட்டிய அடிமைச் சந்தை ஓவியத்தில், கருப்பும் வெள்ளையுமாய் உடுத்து நிற்கும் இரு பெண்டிரே வால்டேரின் தலையும் ஆவர். ஒருகால் இது, ஒருகால் அது, கோடுகளோ மாறுவதில்லை. இதனைச் சிலேடை என்னாது வேறு என் என்பது? சிலேடையின் இன்பம் ஒரே சொற்றொடரில் இரு பொருளும் நிற்பதில் உள்ளது. இரண்டையும் இரு தொடராகப் பிரித்தெழுதின் அது கெடும். கதைப்பலகையோ பிரித்தே எழுதும் இயல்பினது. முதற்படத்தில் ஒன்று, அடுத்த படத்தில் மற்றொன்று. இடைப்பட்ட வெற்றிடத்தை அசைவூட்டுவோர் நிரப்புவர். டாலியின் கலை குடியிருப்பதோ அவ்வெற்றிடத்திலேயே.

இவ்வளவுகோலால் நோக்கின் முடிந்த படம் ஒருசீராக இல்லை. உள்ளங்கையினின்று வெளிப்படும் எறும்புகள் மிதிவண்டி ஊர்வோராக மாறும் காட்சி கண்ணைக் கவர்வதே. எனினும் எறும்பு மறைந்த பின்னரே மனிதன் வருகின்றான். இது வேடமாற்றமேயன்றிச் சிலேடையன்று. ஆமைகளின் காட்சியோ வேறு. விந்தை முகங்களை முதுகில் தாங்கிய இரண்டு ஆமைகள் எதிரெதிரே வந்து நெருங்க, அவற்றிடையே எஞ்சும் வெளியே ஒரு நடனமாதின் வடிவாகின்றது. ஆமைகளும் நிற்கின்றன, நங்கையும் நிற்கின்றாள். இதுவே பழைய 17 நொடிப் பகுதி. பிற்காலத்தார் அதனை மாற்றாது படத்துள் வைத்தமை நன்று. அவர்கள் புதிதாகச் செய்த பகுதிகளில் கணிப்பொறி தந்த வழுவழுப்புச் சிறிது மிகை என்றே எமக்குத் தோன்றுகின்றது. எனினும் மணியின் நிழலை அப்பெண் ஆடையாக உடுத்திக்கொள்ளும் இடத்தில், நிழல் நிழலாகவும் ஆடையாகவும் ஒருசேர நிற்பதால், அவர்களும் டாலியை எட்டியுள்ளனர்.

ஆகவே இவ்வகை ஓவியரைத் தழுவிப் பலகை வரைவோர், அவருடைய எறும்பையும் உருகும் கடிகாரத்தையும் கடன் வாங்குவதற்கு முன், இரு படங்களுக்கிடையே எக்கோடு அசையாது நிற்கும் என்பதை முதற்படத்திலேயே குறித்தல் வேண்டும். அக்கோட்டை வேறு நிறத்தால் தீட்டி, அடுத்த படத்திலும் அதே இடத்தில் அமைத்து, எஞ்சியவற்றை அதனைச் சூழ வரையலாம். அவ்வாறு நிற்கும் கோடு ஒன்றும் கிடையாதெனின் அக்காட்சியைப் பலகையினின்று எடுத்துவிடலாம். குத்தி வைத்த படம்தானே.