கைப்பைக்குள் ஒரு விளையாட்டுத் திடல்

விளையாடுவதற்கென்றே ஒரு கணனியா என்று எம்மவருள் மூத்தோர் வினவுவர். நாமும் அவ்வாறு வினவியவர்கள்தாம். கிளித்தட்டும் கிட்டிப்புள்ளும் விளையாடி வளர்ந்த எமக்கு விளையாட்டென்பது காசு கேளாத ஒன்று. ஆயினும் 2025 ஜூலை மாத இறுதியில், ஐக்கிய அரபு இராச்சியத்தின் சார்ஜா நகரில் நாம் வாடகைக்கு இருக்கும் ஓர் அறை வீட்டுக்குள் அத்தகையதொரு மடிக்கணனி வந்து சேர்ந்தது. பதினேழு வயதுடைய எமது மகன் இரண்டு ஆண்டுகளாகக் கேட்டு வந்தது அது. பரீட்சையில் நல்ல பெறுபேறு பெற்றால் வாங்கித் தருவதாக வாக்களித்திருந்தோம். அவன் தன் பங்கைச் செய்தான். நாம் எமது பங்கைச் செய்ய வேண்டியதாயிற்று.

கணனி எமது வீட்டில் ஆறு வாரங்களைக் கழித்துவிட்டது. இத்தகைய கோரிக்கையைப் பிள்ளைகளிடமிருந்து எதிர்நோக்கும் பெற்றோருக்குப் பயன்படக்கூடும் என்பதால் எமது முதல் அனுபவங்களை இங்கு எழுதுகின்றோம்.

சந்தையில்

டுபாயில் கணனி வாங்குவோர் பலரும் முதலில் நாடும் இடம் பர் டுபாய்ப் பகுதியிலுள்ள காலித் பின் அல் வலீத் வீதியாகும். வீதியின் இருமருங்கும் கணனிக் கடைகள் நெருங்கி நிற்கின்றன. டுபாய் உலக வர்த்தக மையத்தில் 1981 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஜைடெக்ஸ் என்னும் கண்காட்சி இந்நகரைக் கணனி வணிகத்தின் பெருஞ்சந்தையாக்குவதில் பெரும் பங்கு வகித்தது.

நாம் சென்ற கடையின் விற்பனையாளர் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த தமிழர். அவர் எமக்குக் கற்றுத்தந்த முதற் பாடத்தை வாசகர்களுக்கும் கூறிவிடுகின்றோம். விளையாட்டுக் கணனியின் உயிர் அதன் வரைகலைச் சில்லில் இருக்கின்றது. திரையில் காட்சிகளைக் கணத்துக்குக் கணம் வரைந்து தருவது அதுவே. ஆனால் ஒரே பெயருடைய சில்லு எல்லாக் கணனிகளிலும் ஒரே வலிமையுடன் இயங்குவதில்லை. என்விடியா நிறுவனத்தின் ஆர்.ரி.எக்ஸ். 4060 என்னும் மடிக்கணனிச் சில்லை எடுத்துக்கொண்டால், அது 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவிலும் இயங்குமாறு அமைக்கப்படலாம். மெல்லிய உடலுடைய கணனிக்குள் குறைந்த வாட்டிலும், தடித்த உடலுடைய கணனிக்குள் கூடிய வாட்டிலும் இயங்கும். பெட்டியின் மேல் அச்சிடப்பட்ட பெயர் இரண்டிலும் ஒன்றே. ஆகவே பெயரைக் கேட்பதுடன் நில்லாது, எத்தனை வாட் என்றும் கேட்க வேண்டும்.

சேமிப்பகத்தின் அளவையும் கவனிக்க வேண்டும். புதிய பெரும் விளையாட்டுகளுட் பல ஒவ்வொன்றும் 100 கிகாபைட்டுக்கு மேல் இடம் பிடிக்கின்றன. 512 கிகாபைட் என்பது கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றினாலும் நான்கு விளையாட்டுகளுடன் நிறைந்துவிடும்.

விலை 4,000 திர்ஹம். 2018 ஜனவரி முதல் இங்கு நடைமுறையிலுள்ள ஐந்து வீதப் பெறுமதி சேர் வரியுடன் 4,200 திர்ஹம். ஒரு டொலருக்கு 3.6725 திர்ஹம் என்னும் நிலையான மாற்று வீதத்தின்படி ஏறத்தாழ 1,140 அமெரிக்க டொலர். சுற்றுலாப் பயணிகள் இவ்வரியை விமான நிலையத்தில் மீளப் பெறலாம். இங்கு வதிவோர்க்கு அச்சலுகை இல்லை.

மேசைக் கணனி ஏன் வேண்டாம்?

பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் விற்பனையாளர் நேர்மையாக ஒன்று கூறினார்: "சார், இதே காசுக்கு மேசைக் கணினி எடுத்தா இதைவிட வேகமானது கிடைக்கும். நாளைக்குப் பழசானா உள்ளே இருக்கிற பாகத்தை மட்டும் மாத்திக்கலாம். மடிக்கணினியில அது முடியாது."

அவர் கூறியது முற்றிலும் உண்மை. மடிக்கணனியில் வரைகலைச் சில்லு பலகையுடன் ஒட்டப்பட்டிருப்பதால் அதனை மாற்ற இயலாது. நாம் மகனைப் பார்த்தோம். அவன் சற்றும் தயங்கவில்லை.

"அப்பா, எங்கட விசா இரண்டு வருசம்தானே. பிறகு உந்தப் பெட்டியை எங்கை கொண்டு போறது?"

இங்கு பிறந்து, இந்நகரைத் தவிர வேறொரு நகரையும் நன்கறியாத பிள்ளையின் வாயிலிருந்து வந்த வார்த்தைகள் இவை. நாம் அவனுக்கு இதனைச் சொல்லிக் கொடுத்ததில்லை.

ஐரோப்பாவிலும் கனடாவிலும் வாழும் வாசகர்களுக்கு இதனைச் சற்று விளக்க வேண்டும். வளைகுடா ஒத்துழைப்புச் சபையின் ஆறு நாடுகளில் எதுவும் 1951 ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இணையவில்லை. ஊரைவிட்டு எக்காரணத்தால் வந்திருப்பினும் இங்கு நாம் தொழிலாளர்களே. தனியார் துறையில் வேலை செய்வோரின் வதிவிட அனுமதி பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். வேலை போனால் அனுமதியும் போகும். இம்மண்ணிற் பிறந்தமையால் எமது பிள்ளைகளுக்குக் குடியுரிமை கிடைப்பதில்லை. முன்னர் மகன் பதினெட்டு வயதை அடைந்ததும் பெற்றோரின் பொறுப்பில் தங்கும் உரிமை முடிவடையத் தொடங்கும். 2022 ஒக்டோபரில் அவ்வயதெல்லை மணமாகாத மகனுக்கு 25 ஆக உயர்த்தப்பட்டது. எமக்கு அது பேருதவி. ஆயினும் அது தவணை நீடிப்பு மட்டுமே.

இத்தகைய வாழ்வில் ஒவ்வொரு பொருளும் வாங்கப்படும் முன்னரே தூக்கிப் பார்க்கப்படுகின்றது. கட்டில், அலுமாரி முதலியன பழையவையாக வாங்கப்பட்டுப் பழையவையாக விற்கப்படும். கையிலெடுத்துச் செல்லக்கூடியது எதுவோ அதற்கே காசு செலவிடப்படும்.

மடிக்கணனியையே வாங்கினோம்.

முதல் வாரம்

பெட்டியைத் திறந்ததும் எம்மை வியப்பிலாழ்த்தியது கணனியன்று, அதன் மின்னேற்றி. செங்கல்லை ஒத்த அளவும் கனமும் உடையது. கணனியையும் அதனையும் சேர்த்து நிறுத்தோம்: 3.4 கிலோ. மின்னேற்றியை இணைக்காமல் விளையாடினால் வேகம் குறைகின்றது. மின்கலமும் ஒன்றரை மணி நேரத்துள் தீர்ந்துவிடுகின்றது. மடிக்கணனி என்னும் பெயரை நம்பி மடியில் வைத்துவிடவும் கூடாது.

விசைப்பலகையில் ஒவ்வோர் எழுத்துக்கும் அருகே அரபு எழுத்தும் பொறிக்கப்பட்டிருந்தது. வளைகுடாச் சந்தைக்கு வரும் கணனிகள் பெரும்பாலும் அவ்வாறே அமைந்துள்ளன. தமிழ் எழுத்துகள் பொறிக்கப்படவில்லையெனினும் உள்ளே காத்திருந்தன. மொழிப் பட்டியலில் ஒரு தெரிவைச் செய்ததும் வந்துவிட்டன. புலம்பெயர் சஞ்சிகைகளுக்குப் பாமினி எழுத்துருவில் விடிய விடியத் தட்டச்சுச் செய்த நண்பர்களை அவ்வேளையில் நினைத்துக்கொண்டோம். இக்கட்டுரையை நாம் எழுதுவதும் மகன் பாடசாலை சென்ற நேரத்தில் அதே கணனியிலேதான்.

பழைய கணனித் திரைகள் விநாடிக்கு 60 முறை காட்சியைப் புதுப்பிப்பவை. இத்திரை 144 முறை புதுப்பிக்கின்றது. எமது கண்ணுக்கு வேறுபாடு தெரியவில்லை. மகன் தெரிகின்றது என்கின்றான்.

இரண்டாவது வாரத்தில் கணனி தளர்ந்தது. விசிறி இரைந்தது, காட்சிகள் இழுபட்டன. ஏமாற்றப்பட்டுவிட்டோம் என்ற கோபத்துடன் கடைக்குத் தூக்கிச் சென்றோம். அங்கிருந்த திருத்துநர் ஒரேயொரு கேள்வி கேட்டார்: "எங்கே வைத்து விளையாடுகிறீர்கள்?" கட்டிலில், மெத்தையின் மேல் என்றோம். அவர் சிரித்தார். கணனி காற்றை உள்ளிழுப்பது அடிப்பக்கத் துவாரங்களால். மெத்தை அவற்றை அடைத்துவிடுகின்றது. வெப்பம் எல்லை மீறும்போது சில்லு தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றது. அது பழுதன்று, தற்காப்பு.

மின்கட்டணத்துக்கு அஞ்சி நாம் பகலிற் குளிரூட்டியை நிறுத்தி வைத்திருந்ததும் ஒரு காரணம். இங்கு கோடை வெயில் 45 பாகையைத் தாண்டுவது வழமை. ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை நண்பகல் 12.30 இலிருந்து 3.00 மணி வரை திறந்த வெளியில் வேலை வாங்குவது தடைசெய்யப்பட்டுள்ளது. மனிதருக்கு ஓய்வு தேவைப்படும் அந்த வேளையில் இயந்திரத்தை வருத்தியவர்கள் நாமே. வடமேற்கிலிருந்து வீசும் ஷமால் காற்றின் மணற்தூசி கதவிடுக்கினூடாக வந்து விசிறியில் படிவதால், சில மாதங்களுக்கு ஒருமுறை துப்புரவு செய்தல் அவசியம் என்றும் திருத்துநர் அறிவுறுத்தினார். காசு எதுவும் வாங்கவில்லை.

அப்பம்மா விளக்கை அணைத்தார்

ஆகஸ்ட் மாதத்தில் எமது தாயார் பருத்தித்துறையிலிருந்து வருகையாளர் விசாவில் வந்திருந்தார். ஓரிரவு மகன் போர் விளையாட்டொன்றைத் தொடங்கினான். கணனியின் ஒலிபெருக்கிகள் தரமானவை. துப்பாக்கி வேட்டுகளும் தொலைவில் எறிகணை விழும் ஓசையும் அறையை நிறைத்தன.

தாயார் எழுந்தார். எவரிடமும் எதுவும் கூறவில்லை. விளக்கை அணைத்துவிட்டுச் சுவரோரமாகச் சென்று நின்றார்.

1987 ஆம் ஆண்டு வடமராட்சி நடவடிக்கையின்போது பதுங்கு குழியில் எம்மை அணைத்தபடி இருந்தவர் அவர். முப்பத்தெட்டு ஆண்டுகள் கடந்தும் கை தானாக விளக்கை நாடிற்று. மகன் திகைத்து விளையாட்டை நிறுத்தினான். அன்றிரவு, இதுவரை அவனுக்குக் கூறாத சிலவற்றை நாம் கூறினோம். அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் தன் சேமிப்பிலிருந்து ஒரு காதணிக் கருவி வாங்கி வந்தான். அப்பம்மா அறையில் இருக்கும்போது மோட்டார் வண்டிப் பந்தயம் மட்டுமே ஓடும். அவரும் அருகிலிருந்து பார்க்கத் தொடங்கினார். "உவனுக்கு லைசென்ஸ் இருக்கோ?" என்று ஒருநாள் எம்மிடம் கேட்டார்.

விநாடியின் பத்திலொரு பங்கு

இக்கணனியால் விளைந்த நன்மையையும் கூறவேண்டும். எமது தமையனாரின் பிள்ளைகள் ரொறன்ரோவிலும், தமக்கையாரின் பிள்ளைகள் பாரிஸிலும் வளர்கின்றனர். எமது மகன் அவர்களை நேரிற் கண்டதில்லை. இப்பொழுது வார இறுதியில் மூவரிடத்துப் பிள்ளைகளும் ஒரே பந்தயத்தில் ஓடுகின்றனர். அரைகுறைத் தமிழில் ஒருவரையொருவர் ஏசுகின்றனர். மாவீரத் தொனியில் வாதிடுவதும் உண்டு. நாம் அடுத்த அறையில் அமர்ந்து கேட்கின்றோம்.

ஆயினும் தொலைவு தொலைவே. டுபாய்க்கும் ரொறன்ரோவுக்கும் இடையே 11,000 கிலோமீற்றர். கண்ணாடி இழையினூடாக ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் செல்லும். போய்வர ஆகக் குறைந்தது விநாடியின் பத்திலொரு பங்குக்கு மேல் ஆகும். நேர்கோட்டில் செல்லாத கேபிள்களில் இன்னும் கூடும். எந்தப் பணத்தாலும் இத்தாமதத்தைப் போக்க இயலாது. 2025 செப்டெம்பர் 6 ஆம் திகதி செங்கடலில் ஜித்தாவுக்கு அருகே கடலடிக் கேபிள்கள் துண்டிக்கப்பட்டபோது, இங்கு இணையம் தளர்ந்து பிள்ளைகளின் பந்தயமும் தடைப்பட்டது. அன்றுதான் இவ்வுறவு எத்தனை மெல்லிய இழையில் தொங்குகின்றது என்பதை உணர்ந்தோம்.

விளையாட்டென்று இதனை எளிதாக ஒதுக்கிவிடவும் முடியாது. ரியாத் நகரில் 2024 இல் தொடங்கிய மின்விளையாட்டு உலகக் கிண்ணப் போட்டியின் பரிசுத்தொகை 60 மில்லியன் டொலரைத் தாண்டியது. 2025 இல் 70 மில்லியனைத் தாண்டியது. எமது மகன் அங்கு செல்லப்போவதில்லை. ஆனால் அவன் வயதினர் எதனைப் பெரிதாக மதிக்கின்றனர் என்பதை அறிந்திருத்தல் நன்று.

எடுத்துச் செல்லக்கூடியது

வளைகுடாவில் வீட்டுக் கணனி விளையாட்டு புதிதன்று. முகம்மது அல் ஷாரெக் என்பவர் 1982 இல் குவைத்தில் நிறுவிய ஸகர் நிறுவனம், ஜப்பானிய எம்.எஸ்.எக்ஸ். கணனிகளை அரபு மொழிக்கேற்ப அமைத்து விற்றது. தொலைக்காட்சியுடன் இணைத்து விளையாடக்கூடிய அக்கணனியுடன் அரபுப் பிள்ளைகளின் ஒரு தலைமுறை வளர்ந்தது. எமது சிற்றப்பா குவைத்தில் சாரதியாக இருந்த வீட்டிலும் ஒன்று இருந்ததாம். 1990 ஆகஸ்ட் 2 இல் ஈராக்கியப் படைகள் நுழைந்தபின் ஸகர் நிறுவனம் கெய்ரோவுக்குப் பெயர்ந்தது. சிற்றப்பா ஈராக்கினூடாக அம்மானுக்குப் பெயர்ந்தார், ஒரு கைப்பையுடன். மூன்று ஆண்டுச் சம்பளத்தில் வாங்கிய தொலைக்காட்சிப் பெட்டியை அறையிலேயே விட்டுவந்ததை இறக்கும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகவே மகனின் தெரிவை நாம் குறைகூறோம். இத்தகைய கணனியுடன் பயணஞ் செய்வோர் ஒன்றை மனங்கொள்க. 2010 செப்டெம்பர் 3 இல் டுபாயிலிருந்து கொலோன் நகருக்குப் புறப்பட்ட சரக்கு விமானமொன்று தீப்பற்றி வீழ்ந்து விமானிகள் இருவரும் உயிரிழந்தனர். அதன் சரக்கில் பெருந்தொகை லித்தியம் மின்கலங்கள் இருந்தன. மடிக்கணனியைப் பெரிய பெட்டிக்குள் போடாது கையிற் கொண்டு செல்வதே பாதுகாப்பானது. மின்கலம் 100 வாட்-மணிக்கு உட்பட்டதாயின் தனி அனுமதி தேவையில்லை. எமது கணனியில் 90. வாங்கும்போதே இவ்வெண்ணைப் பார்த்துக்கொள்க.

மகன் அடுத்த ஆண்டு பாடசாலையை முடிக்கின்றான். எந்த நாடு அவனுக்குப் பல்கலைக்கழக அனுமதியும் விசாவும் தருமென்பது இன்னும் தெரியாது. பல விமான சேவைகளில் கைப்பைக்கு 7 கிலோ மட்டுமே. கணனிக்கு 3.4 கிலோ போக, மீதி 3.6 கிலோவில் எவற்றை வைப்பதென்று மனைவியார் இப்பொழுதே கணக்கிடத் தொடங்கிவிட்டார்: சான்றிதழ்கள், குளிர்ச்சட்டை ஒன்று, அப்பம்மா இடித்துக் கொண்டுவந்த மிளகாய்த்தூள்.