போனில் பேசினால் மனம் ஆறுமா?

உடம்புக்கு ஒன்று என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறோம். மனசுக்கு ஒன்று என்றால் "நாளானா சரியாயிடும்" என்று இருந்துவிடுகிறோம். சரியாகாவிட்டாலும் வெளியே சொல்வதில்லை. டாக்டரைப் பார்க்க டவுனுக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். பஸ்ஸில் பார்க்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லியாக வேண்டும்.

இந்தச் சங்கடம் பாதியாவது தீர இப்போது வழி இருக்கிறது. 2022 அக்டோபர் 10-இல் 'டெலி மானஸ்' என்னும் அரசு மனநலத் தொலைபேசிச் சேவை தொடங்கியது. எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். காசு கிடையாது. பட்டன் போனே போதும். பேசுகிறவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். மருந்து தேவை என்று தெரிந்தால் மனநல டாக்டரிடம் அனுப்பி வைப்பார்.

"முகம் தெரியாத ஆளிடம் பேசி என்ன ஆகப்போகுது?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆலோசகர் வேலை செய்யும் விதம் தெரிந்தால் இந்தச் சந்தேகம் குறையும்.

நல்ல ஆலோசகர் எடுத்த எடுப்பில் பிரச்சினையைக் கேட்கமாட்டார். "எங்கேயிருந்து பேசுறீங்கம்மா? பக்கத்துல யாராவது இருக்காங்களா? லைன் கட்டானா எந்த நம்பருக்குக் கூப்பிடலாம்?" என்றுதான் ஆரம்பிப்பார். இதை வெட்டிக் கேள்வி என்று நினைக்க வேண்டாம். நேரில் என்றால் அறைக் கதவைச் சாத்திவிடலாம். போனில் உங்கள் வீட்டுக் கதவு அவருக்குத் தெரியாதே! மாமியார் அடுப்படியில் நிற்கும்போது மருமகள் எதைச் சொல்ல முடியும்? அப்போது "ஆமா, இல்லைன்னு மட்டும் சொன்னாப் போதும்" என்று கேள்வியை மாற்றிக்கொள்வார். அதுவும் முடியாது என்றால் வேறு நேரத்தில் பேசச் சொல்வார்.

ஆகவே முதலில் இடம் பாருங்கள். மொட்டை மாடி, மோட்டார் கொட்டகை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு வீட்டுத் திண்ணை, எதுவானாலும் சரி. ஸ்பீக்கரில் போடாதீர்கள். ஆள் இல்லாத இடத்தில் சிக்னல் இருக்காது, சிக்னல் இருக்கும் இடத்தில் நாலு பேர் இருப்பார்கள். கிராமத்தில் இதுதான் பெரிய தொல்லை. அப்படியானால் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி, துணை சுகாதார நிலையத்தில் உட்கார்ந்து பேச முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை. பல வீடுகளில் போன் உங்கள் சட்டைப் பையில்தான் இருக்கிறது. மனைவி பேச வேண்டும் என்றால் அரை மணி நேரம் அதைக் கொடுத்துவிட்டு வெளியே போங்கள். "என்ன பேசினே?" என்று குடையாதீர்கள். உங்களுக்கும் அதே எண்தான். கடனை நினைத்துத் தூக்கம் வராதவரும், குடியை விட முடியாமல் தவிப்பவரும் பேசலாம். ஆம்பிளை அழலாமா என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். தம்பதிக்குள் மனஸ்தாபம் என்றால் முதலில் தனித்தனியாகப் பேசிய பிறகு இருவரையும் சேர்த்துப் பேசுவதே நல்ல முறை. அடி உதை நடக்கும் வீட்டில் சேர்த்துவைத்துப் பேசுவது ஆபத்து. அந்தப் பெண்கள் 181-ஐயும் கூப்பிடலாம்.

பிள்ளை பெற்ற வீட்டில் கூடுதல் கவனம் தேவை. பிரசவமான சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு மேலும் நீடித்தால், குழந்தை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வராவிட்டால், குழந்தையைத் தொடவே பிடிக்காவிட்டால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். காத்து கருப்பு அல்ல. மந்திரிக்கக் கூட்டிப் போய் நாளைக் கடத்த வேண்டாம். தாய்ப்பால் கொடுக்கும்போதும் சாப்பிடக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. பால் கொடுப்பதை டாக்டரிடம் சொன்னால் அதற்கேற்ப எழுதுவார்.

ஆலோசகர் உபதேசம் செய்யமாட்டார். சின்னச் சின்ன வேலை கொடுப்பார். "காலையில பத்து நிமிஷம் வெயில்ல நடங்க. ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினீங்கன்னு குறிச்சு வையுங்க." அடுத்த முறை அதிலிருந்து பேச்சு தொடங்கும். ஒரே போனில் எல்லாம் தீர்ந்துவிடாது, சில வாரம் ஆகும். மனச்சோர்வுக்கான மாத்திரையும் வேலை செய்ய இரண்டு வாரம், நாலு வாரம் பிடிக்கும். "ஒண்ணும் கேக்கலை" என்றோ "நல்லாயிடுச்சு" என்றோ நீங்களாக நிறுத்தாதீர்கள்.

போனோடு முடியாத சமயமும் உண்டு. "செத்துப்போகலாம்னு இருக்கு" என்று ஒருவர் சொன்னால் ஆலோசகர் மழுப்பாமல் நேராகவே விசாரிப்பார். கேட்பதால் அந்த எண்ணம் வளராது. கேட்க ஆள் கிடைத்ததில் பாரம் குறையும். வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றும் கேட்பார். மற்ற ரகசியத்தையெல்லாம் காப்பவர், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் குடும்பத்தாருக்குச் சொல்ல வேண்டியிருக்கும். போலீஸ் கேஸாகுமோ என்று பயந்து மறைக்காதீர்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. சிகிச்சை தரவும் சொல்கிறது. விஷம் குடித்துவிட்டால் யாருக்கும் போன் போட்டு யோசனை கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. 108-ஐக் கூப்பிட்டு, டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பூச்சிமருந்தை இன்றைக்கே பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். மனம் நொந்திருப்பவர் கையில் சாவி வேண்டாம்.