காப்பித் தோட்டத்தில் ஒரு டெலிவிஷன் தட்டு!

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏற இரண்டு பாதைகள் உண்டு. எல்லோரும் போவது 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பழைய பாதை. மற்றொன்று அயோத்தியாப்பட்டணம், குப்பனூர் வழியாகச் சுற்றிக்கொண்டு வருவது. கொட்டச்சேடு கிராமம் இருப்பது இந்த இரண்டாவது பாதையில்தான். காப்பிச் செடி, அதற்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரம், மரத்தைக் கட்டிக்கொண்டு ஏறும் மிளகுக் கொடி, மாலையானால் இறங்கி வரும் மூடுபனி என்று சேர்வராயன் மலையின் அழகெல்லாம் இங்கேயும் உண்டு.

இப்படிப்பட்ட இடத்தில், தோட்டக்காரரின் அனுமதியோடு கூடாரம் அடித்து இரண்டு நாள் தங்குவது இப்போது பலருக்கும் பிடித்துப் போயிருக்கிறது. (அரசாங்கக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் கூடாரம் அடிக்கக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.) அடுப்பு, கம்பளி, டார்ச் லைட் ஆகியவற்றுடன் சிலர் மடக்கு முக்காலியும் சிறிய டிஷ் ஒன்றும் காரில் ஏற்றிக்கொள்கிறார்கள். மலை மடிப்புகளில் செல்போன் பல சமயம் ஊமையாகிவிடும். கிரிக்கெட் பந்தய நாளாக இருந்தால் கேட்கவே வேண்டாம்!

ஆனால் டிஷ்ஷை வீட்டு மாடியில் திருகி வைப்பது வேறு, மலைச் சரிவில் நிறுத்துவது வேறு.

கோள் எங்கே நிற்கிறது?

பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, சுமார் 35,786 கிலோ மீட்டர் உயரத்தில் சுற்றும் கோள், பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும். இப்படிப்பட்ட கோள்களைச் செய்தித் தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று 1945-ல் கட்டுரை எழுதி விளக்கியவர் ஆர்தர் கிளார்க். பிற்காலத்தில் இலங்கையிலேயே குடியேறிவிட்ட ஆங்கில எழுத்தாளர் அவர்.

மாதச் சந்தா இல்லாமல் கிடைக்கும் தூர்தர்ஷனின் 'ஃப்ரீ டிஷ்' நிகழ்ச்சிகள், 2015 நவம்பரில் ஏவப்பட்ட ஜிசாட்-15 என்ற கோளிலிருந்து வருகின்றன. அது கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் நிற்கிறது. கொட்டச்சேட்டிலிருந்து பார்த்தால், வடக்கிலிருந்து வலப்புறமாக எண்ணி 127 டிகிரி. அதாவது தென்கிழக்கு மூலையிலிருந்து சற்றே கிழக்காக. உயரமோ அடிவானத்திலிருந்து 67 டிகிரி! டில்லிக்காரருக்கு இதே கோள் 52 டிகிரி உயரத்தில்தான் தெரியும். நமக்கு அது ஏறக்குறைய தலைக்கு மேலே இருக்கிறது.

இதில் ஒரு லாபம் உண்டு. 10 அடிச் சுவர் குறுக்கே நின்றாலும், அதிலிருந்து நாலரை அடி தள்ளி டிஷ்ஷை வைத்தால் போதும். பார்வை சுவருக்கு மேலாகப் போய்விடும். 80 அடி சில்வர் ஓக் மரத்துக்கு 35 அடி தள்ளி நின்றால் போதும். ஆனால் காப்பித் தோட்டத்தில் நிழல் மரங்கள் அடுத்தடுத்து அல்லவா நிற்கின்றன? ஈர இலைகள் நிறைந்த ஒரே கிளை போதும், படத்தை விழுங்கிவிட. அதற்காக அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது. காப்பிக்கு அந்த நிழல்தான் உயிர். மலைப் பகுதி மரங்களைக் காக்க 1955-லேயே இந்த மாநிலத்தில் சட்டம் செய்திருக்கிறார்கள். காப்பி உலர்த்தும் களமோ, பங்களா முற்றமோ, பாறைத் திட்டோ கிடைத்தால் அங்கே டிஷ்ஷை வைத்து, கேபிளைக் கூடாரம் வரை நீட்டுவதுதான் முறை.

ஏமாற்றும் தட்டு

புதிதாக வைப்பவர்கள் தவறாமல் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சாதாரண வீட்டு டிஷ், தன் முகம் பார்க்கும் திசையிலிருந்து அலையை வாங்குவதில்லை. அதைவிடச் சுமார் 25 டிகிரி மேலேயிருந்து வாங்குகிறது. ஆகவே கோள் 67 டிகிரியில் இருக்கும்போது தட்டு 42 டிகிரியில் சாய்ந்திருப்பதுபோல் கண்ணுக்குத் தெரியும். "இன்னும் மேலே பார்க்க வேண்டுமே!" என்று நிமிர்த்தினால் போச்சு!

மற்றொன்று, தட்டுக்கு முன்னால் நீண்டிருக்கும் எல்.என்.பி. என்ற மூக்கு. அதைப் பிடியில் தளர்த்தித் தன் அச்சிலேயே திருப்ப வேண்டும். டில்லியில் இந்தத் திருப்பம் 27 டிகிரி போதும். சேர்வராயன் மலையிலோ 50 டிகிரிக்கும் மேல். தட்டின் திசை சரியாக இருந்தும் பாதிச் சானல்கள் வராமல் திண்டாடுகிறவர்கள் முதலில் இந்த மூக்கைத்தான் பார்க்க வேண்டும்.

காம்பஸை இரும்புத் தட்டின் அருகில் வைக்காமல், நாலடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். பிறகு தட்டை நூல் நூலாக நகர்த்தி, ஒவ்வொரு தடவையும் சில விநாடி பொறுக்க வேண்டும். பெட்டி அலையை அடையாளம் கண்டுகொள்ள அவ்வளவு நேரம் ஆகும். ஒருவர் வெளியே திருப்ப, மற்றவர் கூடாரத்துக்குள்ளிருந்து "வந்தது... வந்தது... போச்சு!" என்று கூவும் காட்சி, 1982-ல் தொடங்கிய இலங்கை ரூபவாஹினியைப் பிடிக்க மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்பியவர்களுக்குப் பழைய நாட்களை ஞாபகப்படுத்தும்.

அந்த அவஸ்தைக்கும் முன்னால் ஒரு கதை உண்டு. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்-6 கோளைக் கொண்டு ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு இந்தியா டெலிவிஷன் காட்டியது. அந்தக் கிராமங்களில் நின்ற தட்டுகள் 10 அடி அகலம். செய்யப்பட்டதோ கோழிக் கூண்டுக்கு அடிக்கும் கம்பி வலையால்! இன்று இரண்டடித் தட்டு போதுமானதாக இருப்பதற்குக் காரணம், கோள்கள் இப்போது மிகக் குறுகிய அலையில், சுமார் இரண்டரை சென்டி மீட்டர் நீளத்தில், ஒலிபரப்புவதுதான்.

காற்றும் மின்னலும்

இரண்டடித் தட்டு ஒன்றரை டிகிரி விலகினாலே வரும் அலை பாதியாகிவிடும். தட்டின் விளிம்பு ஒரு சென்டி மீட்டர் அசைந்தால் இந்தக் கணக்கு நேர்ந்துவிடுகிறது. மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் காற்று முகத்தில் அடித்தால், தட்டின் மேல் ஐந்தாறு கிலோ எடை தள்ளுவதற்குச் சமம். வேகம் இரட்டித்தால் பலம் நாலு மடங்கு. அந்தக் காற்றில் பறக்கும் தட்டு பக்கத்துக் கூடாரத்தில் தூங்கும் குழந்தையின் மேல் விழுந்தால் என்ன ஆகும்?

ஆகவே முக்காலியின் கால்களை நன்றாக விரித்து, தட்டைத் தரையோடு தாழ்வாகவே வைக்க வேண்டும். கோள் தலைக்கு மேல் இருக்கிற ஊரில் கம்பம் உயர்த்த வேண்டிய அவசியமே இல்லை. நடுவில் கல் நிரப்பிய சாக்கையோ, 20 லிட்டர் தண்ணீர்க் கேனையோ தொங்கவிடலாம். மூன்று பக்கமும் கயிறு இழுத்து முளையில் கட்ட வேண்டும். தோட்டத்து மேல்மண் இலை மக்கிய பொதபொதப்பான மண். சாண் நீள முளை அதில் நிற்காது. முழ நீள முளையைத் தட்டுக்கு எதிர்ப்புறமாகச் சாய்த்து அடிக்க வேண்டும், அல்லது பாறையில் கட்ட வேண்டும். மரத்தில் கட்டுவது கூடாது. மரம் ஆடினால் தட்டும் ஆடும். ராத்திரியில் காட்டெருமைகள் தோட்டங்களுக்குள் வருவது ஏற்காட்டில் சகஜம். கயிற்றையும் கேபிளையும் அவை நடக்கும் தடத்தின் குறுக்கே விடக் கூடாது.

மூடுபனி படத்தைக் கெடுப்பதில்லை. கெடுப்பது கனமழை. பெரிய மழைத் துளிகள் அலையை உறிஞ்சிச் சிதறடித்துவிடுகின்றன. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப் பாதையில் மண் சரிந்து போக்குவரத்து தடைப்பட்டது. எச்சரிக்கைச் செய்தி மிகவும் தேவைப்படும் அப்படிப்பட்ட வேளையில்தான் டிஷ் கைவிடும்! ஆகவே, பாட்டரி ரேடியோ ஒன்றையும் பையில் போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

சித்திரை, வைகாசி மாலைகளில் இங்கே இடி மழை திடீரென்று வரும். முதல் உறுமல் காதில் விழும் முன்பே, வானம் கறுக்கும்போதே பெட்டியை அணைத்து, கேபிளைக் கழற்றிக் கூடாரத்துக்கு வெளியே போட்டுவிட வேண்டும். உறுமல் கேட்ட பிறகு கேபிளையும் தட்டையும் தொடவே கூடாது. எல்லோரும் கட்டடத்துக்குள்ளோ, மூடிய காருக்குள்ளோ போய்விட வேண்டும். கூடாரத் துணி மின்னலைத் தடுக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

டெலிவிஷன் டிஷ் அலையை வாங்குமே தவிர, எதையும் அனுப்பாது. ஆகவே அதில் வம்பில்லை. சாட்டிலைட் டெலிபோன் அப்படியல்ல. அனுமதியில்லாமல் அதை இந்தியாவுக்குள் வைத்திருப்பதே குற்றம். விவரம் தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பிரயாணிகள் சிலர் விமான நிலையத்திலேயே பிடிபட்டிருக்கிறார்கள். வெளிநாட்டு உறவினர் யாராவது முகாமுக்கு வருவதாக இருந்தால், புறப்படும் முன்பே சொல்லி வைப்பது நல்லது.

மின்சாரத்துக்கு 12 வோல்ட் பாட்டரி போதும். 7 ஆம்பியர்-மணி பாட்டரியில் சிறிய டெலிவிஷனும் பெட்டியும் சுமார் இரண்டு மணி நேரம் ஓடும். பந்தயம் முழுவதும் பார்க்க வேண்டுமானால் இன்னும் பெரிய பாட்டரி வேண்டும். கிளம்பும்போது முக்காலியின் மூன்று கால் பட்ட இடங்களிலும் சுண்ணாம்புப் பொட்டு வைத்துவிட்டால், அடுத்த தடவை அதே களத்துக்கு வரும்போது காம்பஸைத் தேட வேண்டியிராது.